மண்ணில்லாத ஏவுதளம்: செங்கல்பட்டுக் கடற்கரையிலிருந்து சில குறிப்புகள்

1

2024 ஆகஸ்ட் 24 காலையில் செங்கல்பட்டு மாவட்டம் திருவிடந்தையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சுற்றுலா வளர்ச்சிக் கழகத் திடலிலிருந்து 'ரூமி-1' என்ற ராக்கெட் கிளம்பிற்று. ஸ்பேஸ் ஸோன் இந்தியா என்ற நிறுவனமும் மார்ட்டின் குழுமமும் சேர்ந்து விட்டது. உள்ளே மூன்று கியூப் செயற்கைக்கோள்கள், ஐம்பது பைக்கோ செயற்கைக்கோள்கள். மறுபடியும் பயன்படுத்தக்கூடிய இந்தியாவின் முதல் ஹைபிரிட் ராக்கெட் என்று பத்திரிகைகள் எழுதின. அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால், 2023 பிப்ரவரி 19-ல், அதே கடற்கரையில் சற்றுத் தெற்கே பட்டிபுலத்திலிருந்து இன்னொரு ராக்கெட் போனது. அப்துல் கலாம் பெயரிலான திட்டம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் கைபட்ட 150 பைக்கோ செயற்கைக்கோள்கள் அதில் இருந்தன.

இந்த நிகழ்வுகளுக்கு நம்மிடையே இரண்டு வாசிப்புகள்தான் கிடைத்தன. ஒன்று, 'தமிழன் விண்ணைத் தொட்டான்' வகை. இன்னொன்று, 'சோத்துக்கு வழியில்லாத ஊரில் ராக்கெட் எதற்கு' என்று நம் தோழர்களில் சிலர் வழக்கமாகச் சொல்வது. இரண்டுமே எனக்கு உவப்பாக இல்லை. முதலாவது, நடந்தது என்ன என்றே பார்ப்பதில்லை. செயற்கைக்கோள் என்றால் பூமியைச் சுற்ற வேண்டும்; சுற்றுவதற்கு விநாடிக்கு ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் வேகம் வேண்டும். இந்த இரண்டு ராக்கெட்டுகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மேலே போய், காற்றின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளந்து, கீழே இறங்குகிறவை. அது கேவலமில்லை, நல்ல விஞ்ஞானம்தான். ஆனால் 'செயற்கைக்கோள்' என்ற சொல் அங்கே செய்கிற வேலை விஞ்ஞானத்தின் வேலை அல்ல, விளம்பரத்தின் வேலை. இரண்டாவது வாசிப்போ ஒரு பெண் பிள்ளை சால்டரிங் கம்பியைப் பிடித்துச் சில்லு ஒட்டுகிறபோது அவளுக்குள் நடப்பது என்னவென்று கேட்பதே இல்லை. வானம் பணக்காரன் பிள்ளைக்கு, சோறு ஏழைப் பிள்ளைக்கு என்று நாமே பாகம் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம்.

என் அக்கறை வேறொரு விவரத்தின் மேல். ரூமி-1 கிளம்பியது 'நடமாடும் ஏவுமேடை' ஒன்றிலிருந்து. இந்தச் சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொள்கிறேன். ஏவுகிறவனை ஒரு இடத்தோடு கட்டிப் போடுகிற கயிறு இதில் அறுகிறது. மேடையை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் நிறுத்தலாம், வேலை முடிந்ததும் சுருட்டிக்கொண்டு போகலாம். இந்த ஆசையை அதன் கடைசி எல்லைவரை இழுத்துப் பார்த்தால் எங்கே போய் முடியும்? மண்ணே வேண்டாம் என்பதில். ராக்கெட்டை ஒரு ராட்சச விமானத்தின் வயிற்றில் கட்டி மேலே கொண்டுபோய் வானத்திலிருந்தே ஏவிவிடுவது. கனவு அல்ல இது. அறுபது எழுபது வருஷ வரலாறு உள்ள காரியம்.

2

அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானம் தானாகத் தரையிலிருந்து கிளம்பியதே இல்லை. அணுகுண்டு சுமக்கச் செய்த பி-52 விமானத்தின் இறக்கைக்கு அடியில் தொங்கி மேலே போய், அங்கிருந்து கழன்று பறந்தது. 1959-லிருந்து 1968 வரை 199 முறை. 1963-ல் ஏறக்குறைய 108 கிலோமீட்டர் உயரம் தொட்டது. 1990 ஏப்ரல் 5-ல் அதே பி-52 ரகம் பசிபிக் கடலுக்கு மேலிருந்து 'பெகாசஸ்' ராக்கெட்டை இறக்கிவிட, அது உண்மையாகவே ஒரு செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. 2004-ல் பர்ட் ரூட்டன் வடிவமைத்த 'ஸ்பேஸ்ஷிப் ஒன்', தாய் விமானத்திலிருந்து பிரிந்து நூறு கிலோமீட்டரைத் தாண்டிற்று. பணம் மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலனுடையது.

சோவியத் பக்கத்தில் அன்டோனவ் 'மிரியா'. பெயருக்கு உக்ரைன் மொழியில் 'கனவு' என்று பொருள். 'புரான்' விண்ணோடத்தை முதுகில் சுமக்க என்றே செய்தார்கள். 1988 டிசம்பரில் முதல் முறை பறந்தது. ஆறு எஞ்சின், 88 மீட்டர் இறக்கை. அதன் முதுகிலிருந்து விண்ணோடத்தை ஏவுகிற திட்டமும் ஒன்று இருந்தது. நாடு உடைந்தது, திட்டம் காகிதத்தோடு நின்றது. சரக்கு வண்டியாக உலகம் சுற்றிய அந்த ஒரே விமானம் 2022 பிப்ரவரியில், ரஷ்யப் படையெடுப்பின் முதல் நாட்களில், ஹோஸ்டோமெல் விமான நிலையத்தில் எரிந்துபோனது.

பால் ஆலன் அதையும் விஞ்சப் பார்த்தார். 2011-ல் தொடங்கிய 'ஸ்ட்ராட்டோலாஞ்ச்' நிறுவனத்தின் விமானத்துக்கு 'ராக்' என்று பெயர், அரபுக் கதைகளில் யானையைத் தூக்கிப் போகிற பறவை. இரண்டு உடல், நடுவில் ராக்கெட்டைக் கட்ட இடம், போயிங் 747-இன் ஆறு எஞ்சின்கள், 28 சக்கரங்கள், ஒரு இறக்கை முனையிலிருந்து மறு முனைக்கு 117 மீட்டர். ஒரு கால்பந்து மைதானத்தைவிட நீளம். ஆலன் 2018 அக்டோபரில் இறந்தார். விமானம் 2019 ஏப்ரல் 13-ல் முதல் முறை பறந்தது. அந்த வருஷமே கம்பெனி கைமாறிற்று. அதற்குப் பின் அந்தப் பறவை தூக்கிப் போனது விண்கலங்களை அல்ல. ஒலியைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் விரைகிற சோதனைக் கலங்களை. வாடிக்கையாளர் அமெரிக்க ராணுவத் துறை. ரிச்சர்ட் பிரான்சனின் விர்ஜின் ஆர்பிட், 747 ஒன்றின் இறக்கைக்கு அடியில் ராக்கெட்டைக் கட்டி 2021-ல் ஜெயித்தது, 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து போய்த் தோற்றது, ஏப்ரலில் திவாலானது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விமானம் ராக்கெட்டுக்குத் தருகிற வேகம் மிகக் கொஞ்சம். சுற்றுப்பாதைக்கு வேண்டிய வேகத்தில் முப்பதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் அடர்ந்த காற்று கீழே நின்றுவிடுகிறது என்பது ஒரு லாபம், மறுப்பதற்கில்லை. ஆனால் பெரிய லாபம் வேறு: இடத்திலிருந்து விடுதலை. எந்தத் திசையிலும் ஏவலாம், மேகம் வந்தால் நகர்ந்து போகலாம், கீழே யார் தலைமேல் விழும் என்ற கணக்கைத் தரையில் குடியிருப்பவர்களோடு போட வேண்டியதில்லை. ராட்சச விமானம் என்பது முதலில் ஒரு பொறியியல் தீர்வு அல்ல. மனிதர்கள் குடியிருக்கிற நிலத்தோடு உள்ள பிணக்குக்கு மூலதனம் கண்ட தீர்வு என்றே நான் வாசிக்கிறேன்.

3

இந்த இடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி. தமிழ் எம்.ஏ. படித்தவன் புத்தி, மன்னிக்கவும். திருவிடந்தையிலிருந்து கொஞ்ச தூரத்தில் மாமல்லபுரம். அங்கே 'விமானம்' என்றால் கருவறைக்கு மேலே எழுகிற கட்டடம். நாம் 'ரதம்' என்று சொல்லிப் பழகிய ஒற்றைக் கல் கோயில்கள் எல்லாமே விமானங்கள்தான். பாறையின் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறான் தச்சன். அடியில் சிலது முடியாமலே நின்றுவிட்டது. ஏழாம் நூற்றாண்டில் அங்கே 'விமானம்' பூமியை விட்டு நகராதது. கல்லில் வேர் பிடித்தது. அதே சொல்லைத்தான் இருபதாம் நூற்றாண்டில் பறக்கிற யந்திரத்துக்குக் கொடுத்தோம்.

யந்திரமும் நமக்குப் புதிதல்ல என்று சொல்ல வருவார்கள். சீவக சிந்தாமணியின் மயிற்பொறியைக் காட்டி, விமானத்தைக் கண்டுபிடித்தவனே தமிழன் என்று மேடையில் முழங்குவார்கள். அந்தப் பேச்சு கிடக்கட்டும். காப்பியத்தில் நடப்பதை மட்டும் பாருங்கள். அரண்மனை விழுகிறது, சூல்கொண்ட விசயை பொறியில் ஏறித் தப்புகிறாள், அது இறங்குவது எங்கே? சுடுகாட்டில். சீவகன் பிறப்பது அங்கேதான். பறக்கிற பொறி எங்கேயிருந்து கிளம்பியது என்பதைவிட எங்கே இறங்கியது என்பதைத் திருத்தக்க தேவர் மறக்கவில்லை. நமது விண்வெளிச் சொல்லாடல் மறந்துபோவது சரியாக இதைத்தான்.

இஸ்ரோவும் வானத்திலிருந்து விட்டுப் பார்த்திருக்கிறது. கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் 2023 ஏப்ரல் 2-ல், இறக்கை வைத்த மறுபயன்பாட்டு ஏவுகலத்தின் மாதிரியைச் சினூக் ஹெலிகாப்டர் நாலரை கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போய் விட்டது. அது தானே ஓடுபாதையைத் தேடி இறங்கிற்று. இது ஏவுவதற்கான சோதனை அல்ல, இறங்குவதற்கான சோதனை. 2024 மார்ச்சிலும் ஜூனிலும் மறுபடி செய்தார்கள். அப்போது அதற்கு வைத்திருந்த பெயர் 'புஷ்பக்'. குபேரனிடமிருந்து ராவணன் பிடுங்கி, ராவணனிடமிருந்து ராமனுக்குப் போன வண்டி. இந்தப் பெயர்த் தேர்வில் உள்ள அரசியலை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. கைமாறிக்கொண்டே இருக்கிற வாகனத்துக்கு இது பொருத்தமான பெயர்தான் என்பேன்.

4

மண்ணிலிருந்து ஏவுகிற ராக்கெட்டுக்குக் கடற்கரை வேண்டும். கடற்கரை 'காலியாக' இருக்க வேண்டும். இந்தியாவில் விண்வெளியின் வரலாறு இந்தக் 'காலி'யைத் தயாரிப்பதில் தொடங்குகிறது. தும்பாவில் மீனவர்களின் மரிய மக்தலேனா தேவாலயம் அலுவலகமானது. குடும்பங்கள் இடம் மாறின. 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் போனது. பிஷப் பெரைரா சபையாரைக் கேட்டுச் சம்மதம் வாங்கினார் என்று கலாம் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். கேட்டார்கள் என்பதையாவது அங்கே சொல்ல முடிகிறது. 1969-ல் தேர்ந்தெடுத்த ஸ்ரீஹரிகோட்டா தீவில் ஏனாதிகள் வாழ்ந்தார்கள். காடு, கிழங்கு, தேன், ஏரி மீன் என்று வாழ்ந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களைக் கேட்டதாக யாரும் நெகிழ்ந்து எழுதக் காணோம். ராக்கெட் போகிற நாளில் கடலுக்குப் போகாதே என்ற அறிவிப்பு பழவேற்காட்டுக்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

அடுத்தது குலசேகரன்பட்டினம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் இலங்கை குறுக்கே வரும். வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும், சிறிய ராக்கெட்டுக்கு அது கட்டாது. அதனால் தூத்துக்குடி மாவட்டத்தில் ஏறக்குறைய 2,233 ஏக்கர். 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல். காரணம் நியாயமானது, புவியியல் பொய் சொல்லாது. நான் சொல்ல வருவது, இலங்கை மக்களின் தலைமேல் விழக்கூடாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கரையில் வலை உலர்த்துகிறவன் கணக்கு எந்தத் தாளில் ஏறுகிறது?

பட்டிபுலமும் திருவிடந்தையும் ஸ்ரீஹரிகோட்டா அல்ல. யாரும் குடிபெயரவில்லை, ஒரு நாள் கூத்து, முடிந்தது. ஆனால் இந்தக் கரை ஏற்கெனவே என்னவாகிவிட்டிருக்கிறது என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். நெம்மேலியில் 2013-ல் ஒரு கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை, 2024-ல் இன்னொன்று. பக்கத்துச் சூளேரிக்காட்டுக் குப்பத்துக்காரர்கள் கடல் அரிப்பைச் சொல்லிப் போராடினார்கள். திருவிடந்தையில் 2018 ஏப்ரலில் ராணுவத் தளவாடக் கண்காட்சி, 2024 ஆகஸ்டில் பன்னாட்டுப் பட்டத் திருவிழா, அதற்கு அடுத்து ராக்கெட். நடுவில் ரிசார்ட்டுகள். நித்திய கல்யாணப் பெருமாளைப் பார்க்க வருகிற கல்யாணமாகாதவர்கள் மட்டும் பழைய வழியில் வந்து போகிறார்கள். குண்டு, பட்டம், ராக்கெட் எல்லாவற்றுக்கும் ஒரே கரை எப்படிப் பொருந்துகிறது? அது 'திடல்' என்று ஆகிவிட்டதால். ஊர் திடலானபின் அங்கே எதையும் நிறுத்தலாம்.

காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆலனுக்கு மென்பொருள். இங்கே லாட்டரி. மார்ட்டின் குழுமம் லாட்டரிச் சீட்டில் வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரி தடைசெய்யப்பட்டது. 2024 மார்ச்சில் வெளியான தேர்தல் பத்திரப் பட்டியலில் முதலிடம் அக்குழுமத்தின் பியூச்சர் கேமிங்குக்கு: 1,368 கோடி ரூபாய். அரசு விலகுகிற இடத்தில் தனிப்பணம் வந்து உட்கார்ந்து, பிள்ளைகளின் ஆர்வத்துக்குத் தகப்பன் ஸ்தானம் எடுத்துக்கொள்கிறது.

5

செங்கல்பட்டுக்கு இந்தக் 'காலி' என்ற சொல் புதிதல்ல என்பதுதான் என் முக்கியமான வாதம்.

1780 செப்டம்பர் 10-ல் பழைய செங்கல்பட்டுச் சீமையின் புள்ளலூரில் பெய்லியின் கம்பெனிப் படையைத் திப்புவும் ஹைதரும் நொறுக்கினார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்தது தோல்வியை முடித்துவைத்தது. மைசூர் ராக்கெட்டுகள்தான் அதைச் செய்தன என்றும் பீரங்கி என்றும் இருவிதமாகச் சொல்வார்கள். கலாம் 1963-ல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் திப்புவின் ராக்கெட் ஓவியத்தைப் பார்த்துப் பெருமிதப்பட்டது எல்லோருக்கும் தெரியும். அதே புள்ளலூரில்தான் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மனும் புலிகேசியும் மோதியிருக்கிறார்கள். ஆனால் 1780 போரில் சுற்று வட்டார கிராமங்கள் பாழானதைப் பெருமிதக் கதையாடல் சொல்வதில்லை. ராக்கெட் மேலே போன வரலாறு இருக்கிறது. அது விழுந்த ஊரின் வரலாறு இல்லை.

போருக்குப் பின் கம்பெனியின் தாள்களில் 'தரிசு' பெருகிற்று. இந்தத் தரிசு யாருமற்ற நிலமா? இல்லை. செங்கல்பட்டில் மிராசுதாரர்கள் தரிசின் மேலும் தங்களுக்கு முன்னுரிமை கோரினார்கள். உழுகிற பறையர் தரிசைக் கேட்டு மனுப் போட்டால் மிராசுதாரர் குறுக்கே வந்து தடுப்பார். 1891-ல் கலெக்டர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கை இதைத்தான் பிட்டுப்பிட்டு வைத்தது. 1892-ல் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது. அதை மீட்கக் காரணையில் நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செத்தார்கள். அன்று நம் சிறுபத்திரிகைகள் நிலம் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டதில் அந்த இரண்டு சாவுக்கும் பங்கு உண்டு.

ஆகவே 'தரிசு', 'புறம்போக்கு', 'திடல்' என்ற சொற்கள் இந்த மாவட்டத்தில் யாருமில்லை என்று பொருள்படுவதில்லை. கேட்க உரிமையற்றவர்கள் இருக்கிறார்கள் என்றுதான் பொருள். வலை உலர்த்துகிற, படகு ஏற்றி வைக்கிற மணலுக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் காலி. காலியானதால் திடல். சேரிக்கும் குப்பத்துக்கும் நடந்தது ஒன்றேயல்ல, தெரியும். ஆனால் எழுதுகிற பேனா ஒன்றுதான்.

6

இந்தக் கரையின் குப்பம் ஒன்றில் ஒரு பெரியவரிடம் வானிலிருந்து ராக்கெட் விடுகிற விமானத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு உடம்பு, ஆறு எஞ்சின், மண்ணே வேண்டாம் என்றெல்லாம். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "சரி தம்பி, மேலேர்ந்து வுட்டாலும் கீழதான வுயும்? கடல்லதான வுயும்?" ஆமாம் ஐயா என்றேன். எரிந்து தீர்ந்த அடுக்குகள் கடலில்தான் விழுகின்றன. "அப்ப எங்களாண்ட ஒரு வார்த்த கேக்கணும்ல" என்றார். ராக்கெட் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்றார்.

விமானத்துக்கு மண் வேண்டாம் என்பதும் பாதிப் பொய்தான். 590 டன் எடையோடு ஓடி எழும்பும் ராட்சசனுக்கு எத்தனை நீள ஓடுபாதை வேண்டும்! நம் பக்கத்தில் முதல் விமானம் எழுந்தது பல்லாவரத்தில், 1910 மார்ச்சில். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டாஞ்ஜெலிஸ் என்பவர் சிம்சன் பட்டறையின் உதவியோடு கட்டி ஓட்டினார். அன்றைக்கு ஒரு மைதானம் போதுமாயிருந்தது. 2022 ஆகஸ்டில் அறிவித்த பரந்தூர் விமான நிலையத்துக்கு ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் வேண்டும். வயலும் ஏரியும் குளமும் சேர்த்துப் பதின்மூன்று கிராமங்களில். புள்ளலூரும் அதே காஞ்சிபுரம் வட்டாரந்தான். ஏகனாபுரம் மக்கள் ஆயிரம் நாள் தாண்டியும் உட்கார்ந்து போராடினார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். வானம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் ஏகனாபுரத்து ஏரிக்கரையில் தொடங்குகிறது என்பேன்.

தோழர்கள் இதை விஞ்ஞானத்துக்கு எதிரான கட்டுரையாக வாசிக்க வேண்டாம். பட்டிபுலத்தில் மேலே போன சில்லுகளில் ஏதோ ஒன்றை ஒட்டிய பிள்ளை நாளைக்கு உண்மையான சுற்றுப்பாதைக் கணக்கைப் போட வேண்டும். அதற்கு லாட்டரிக்காரர் தயவு வேண்டாம், அரசுப் பள்ளியில் ஆய்வகம் வேண்டும். ஏவுகிற நாள், திசை, விழுகிற எல்லை மூன்றையும் குப்பத்துப் பஞ்சாயத்தின் முன் தமிழில் வைத்து, அவர்கள் சொல்வதைத் தாளில் ஏற்ற வேண்டும். போகாத பாட்டுக்கு அன்றைய கூலி தர வேண்டும். 'திடல்' என்று எழுதுமுன் அந்த மணலில் யார் வலை உலர்கிறது என்று எழுத வேண்டும். ஒரு ராக்கெட்டின் செலவில் இவை தூசு. இவற்றைச் செய்யாமல் மேடைக்குச் சக்கரம் வைப்பதும், சக்கரத்துக்குப் பதில் இறக்கை வைப்பதும், அந்தப் பெரியவரின் ஒரு வார்த்தையைக் கேட்காமல் தப்பிப் போகிற வழிகள்தான்.